இன்போர்டு படகு எஞ்சினில் முதிர்ந்த ஆயில், கியர்பாக்ஸ் ஹோஸ்கள்: அறிகுறி வழியாகப் பிழை கண்டு மாற்றும் முறை

படகின் உள்ளே பொருத்தப்பட்ட எஞ்சினில் எண்ணெய் ஓடும் ஹோஸ்கள் அதிகம் இல்லை. எஞ்சினைவிட்டுத் தள்ளிப் பொருத்திய ஆயில் ஃபில்டருக்குப் போய்த் திரும்பும் இரண்டு, எஞ்சின் ஆயில் கூலர் இருந்தால் அதற்கு இரண்டு, ஹைட்ராலிக் கியர்பாக்ஸுக்கும் அதன் கூலருக்கும் இடையே இரண்டு, எஞ்சினின் அடித்தொட்டியான ஆயில் பேனின் அடியிலிருந்து பழைய எண்ணெயை இறக்கும் ஒன்று என்று பெரும்பாலான படகுகளில் கணக்கு முடிந்துவிடும். எண்ணிக்கை குறைவாக இருப்பதாலும், அவை எஞ்சினின் பக்கவாட்டிலும் அடியிலும் கண்ணுக்கு எட்டாமல் கிடப்பதாலும், எஞ்சினை ஒழுங்காகப் பராமரிப்பவர்கள்கூட இவற்றை ஆண்டுக்கணக்கில் தொடுவதில்லை.

ஹோஸ் இரண்டு விதமாகக் கெடும். வெளியுறை வெடித்து, உள்ளிருக்கும் கம்பிப் பின்னல் துருப்பிடித்து, கடைசியில் எண்ணெய் வெளியே வருவது ஒன்று. வெளியே எந்தக் குறையும் தெரியாமல், உள்பக்கத்து ரப்பர் அடுக்கு பின்னலைவிட்டுப் பிரிந்து, ஓட்டத்தை அடைப்பது மற்றொன்று. முதல் வகை, படகின் அடியில் நீர் தேங்கும் இடமான பில்ஜில் எண்ணெயைக் காட்டித் தன்னை அறிவித்துக்கொள்ளும். இரண்டாவது வகை ஒரு சொட்டும் சிந்தாமல் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ பட்டினி போடும். ஆகவே கசிவைத் தேடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், பிரஷர் குறைவு, அதிகச் சூடு, கியர் நழுவுதல் ஆகியவற்றையும் ஹோஸோடு சேர்த்து விசாரிக்க வேண்டும் என்பதே இந்த வழிமுறையின் அடிப்படை.

தொடங்கும் முன்

பில்ஜ் பம்பின் தானியங்கி சுவிட்சை நிறுத்திவிடுங்கள். எண்ணெய் கலந்த பில்ஜ் நீர் தானாகவே கடலுக்குள் போய்விடக் கூடாது. கப்பல்களின் எண்ணெய்க் கழிவைக் கட்டுப்படுத்தும் மார்போல் உடன்படிக்கை, வெளியேற்றும் நீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கண்ணுக்குத் தெரியும் அளவு எண்ணெய் மிதக்கும் பில்ஜ் நீரை அந்த வரம்புக்குள் இருப்பதாகக் கருத முடியாது. எண்ணெயை மட்டும் உறிஞ்சும் விரிப்புகளைப் போட்டு முதலில் அதை அகற்ற வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது கையால் தடவிக் கசிவைத் தேடவே கூடாது. ஊசித்துளை வழியாக அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்து, அதில் எண்ணெய் படுகிறதா என்று பார்ப்பதே சரியான முறை.

கசியும் ஹோஸைத் தீ அபாயமாகவும் பார்க்க வேண்டும். எண்ணெய் தெறித்தால் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், கப்பல்களில் 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் பரப்புகளுக்குக் காப்புறை போட வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை விதிக்கிறது. சிறிய படகின் எஞ்சின் அறையில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் குளிரூட்டப்படாத பகுதியும் டர்போவும் பெரும்பாலும் ஹோஸிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கின்றன.

அறிகுறி: பில்ஜில் எண்ணெய் இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை

முதலில் நிறத்தையும் மணத்தையும் பாருங்கள். சிவப்பாக இருந்தால் அது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய். அப்படியானால் கியர்பாக்ஸின் இரண்டு ஹோஸ்களும் கூலரும் கியர்பாக்ஸ் சீல்களும் மட்டுமே விசாரணைக்குள் வரும். ஆனால் சில கியர்பாக்ஸ்களில் எஞ்சின் எண்ணெயே ஊற்றப்படுகிறது. சூட்டில் கெட்ட சிவப்பு எண்ணெயும் பழுப்பாகிவிடும். அதனால் நிறத்தை நம்புவதற்கு முன் இரண்டு டிப்ஸ்டிக்குகளையும் பார்த்து, எதில் அளவு குறைந்திருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள்.

எண்ணெய் தெரியும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. பல படகுகளில் எஞ்சின் பின்பக்கம் சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால், எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரின் கேஸ்கெட்டில் கசிந்தது பக்கவாட்டில் ஓடி, ஹோஸின் மேல் இறங்கி, அந்த ஹோஸின் தாழ்ந்த வளைவில் சொட்டும். பார்ப்பவர் ஹோஸையே குற்றம் சொல்வார். ஆயில் பிரஷர் சென்சாரும் இப்படி ஏமாற்றும். அதன் உடல் கசிந்து, கீழே இருக்கும் ஹோஸ் ஃபிட்டிங்கை நனைத்து வைத்திருக்கும்.

ஆகையால் முழுப் பகுதியையும் கிரீஸ் நீக்கியால் கழுவித் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் டால்கம் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். எஞ்சினை இயல்பான சூட்டுக்குக் கொண்டுவந்து, கட்டியிருக்கும் நிலையிலேயே கியரில் சிறிது சுமை கொடுத்து, நிறுத்திய பிறகு பாருங்கள். பவுடரில் கறை மிக உயரமாக எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. கசிவு மிக மெதுவானதாக இருந்தால், எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா விளக்கும் பயன்படும்.

ஆயில் பேனின் அடியில் இருக்கும் வடிகால் ஹோஸை மறக்க வேண்டாம். அதில் அழுத்தம் இல்லை என்பதால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அது பில்ஜ் நீரில் தோய்ந்து கிடக்கிறது. அதன் முனை ஃபிட்டிங் உப்புநீரில் துருப்பிடித்துக்கொண்டே இருக்கிறது. அது ஒருநாள் கழன்றால் எஞ்சினின் முழு எண்ணெயும் இறங்கிவிடும். என் மதிப்பீட்டில், எல்லா ஹோஸ்களிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அறிகுறி: ஹோஸ் விறைத்திருக்கிறது, வெடிப்புகள் தெரிகின்றன, அல்லது மேல்பரப்பு ஈரமாக வியர்த்திருக்கிறது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹோஸைக் கையால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். நல்ல ஹோஸ் சீராக வளைந்து மெல்லத் திரும்பும். மரக்குச்சி போல எதிர்த்து நின்றாலும், உள்ளே நொறுங்கும் ஓசை கேட்டாலும், வளைவின் வெளிப்பக்கத்தில் வெடிப்புகள் வாய் திறந்தாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பொதுவான ஹைட்ராலிக் ஹோஸ்களின் உள் அடுக்கு நைட்ரைல் ரப்பர். அது ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்குமாறு தரப்படுத்தப்பட்டது. எஞ்சின் எண்ணெய் அந்த எல்லையை ஒட்டியே ஓடுவதால், ரப்பரின் நெகிழ்வு ஒவ்வொரு மணி நேரமும் சிறிது சிறிதாகப் போய்க்கொண்டிருக்கிறது.

வெளியுறையில் ஒரே இடத்தில் கொப்புளம் தெரிந்தால், உள் அடுக்கில் ஊசித்துளை விழுந்து, எண்ணெய் பின்னலைத் தாண்டி வெளியுறைக்குக் கீழே தேங்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் படகை எடுத்துக்கொண்டு வெளியே போகக் கூடாது. நீளம் முழுவதும் மெல்லிய ஈரம் மட்டும் இருந்து, துடைத்த பிறகு சில மணி நேரத்தில் மீண்டும் வந்தால், அதுவும் மாற்ற வேண்டிய ஹோஸ்தான். ஆனால் ஒரு சில நாள் அவகாசம் இருக்கிறது.

முனையில் அழுத்திப் பொருத்தப்பட்ட உலோக வளையத்தின் விளிம்பைக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பாருங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். வளையத்திலிருந்து பழுப்புக் கறை வழிந்திருந்தால், உள்ளே கம்பிப் பின்னல் ஏற்கெனவே தின்னப்பட்டிருக்கிறது. கூடவே, ஹோஸ் எதன்மீதாவது உரசுகிறதா என்றும் கவனியுங்கள். கம்பிப் பின்னல் உள்ள ஹோஸ் பேட்டரியின் பாசிட்டிவ் கேபிளிலோ ஸ்டார்ட்டர் முனையிலோ உரசும்படி விடப்பட்டிருந்தால், காப்பு தேய்ந்த அன்று மின்பொறி ஹோஸைத் துளைக்கும். அங்கே எண்ணெயும் தீப்பொறியும் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

வெளியே எதுவும் தெரியவில்லை என்றாலும் வயதைப் பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் ஹோஸின் நீளவாக்கில் ஓடும் எழுத்து வரியில் அதைத் தயாரித்த காலாண்டையும் ஆண்டையும் அச்சிடுகிறார்கள். ஜெர்மானியத் தரநிலை டின் 20066, ஹைட்ராலிக் ஹோஸ் இணைப்புகளுக்கு, இருப்பில் கிடந்த காலத்தில் அதிகபட்சம் 2 ஆண்டுகள் உட்பட, மொத்தம் 6 ஆண்டுப் பயன்பாட்டைப் பரிந்துரைக்கிறது. அது தொழிற்சாலை இயந்திரங்களை மனதில் கொண்டு எழுதப்பட்டது. உல்லாசப் படகுகளில் அதைவிட இருமடங்கு காலம் ஓடும் ஹோஸ்கள் உண்டு. ஆனாலும், எழுத்து வரியே அழிந்துபோய் வயது தெரியாத ஹோஸை, முதிர்ந்ததாகவே கொள்ள வேண்டும்.

அறிகுறி: எஞ்சின் ஆயில் பிரஷர் குறைகிறது, வெளியே கசிவு இல்லை

டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தால், அடுத்த வேலை மானியை நம்பலாமா என்று பார்ப்பது. மின் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் இயந்திர மானி ஒன்றைப் பொருத்தி அளக்கவும். இயந்திர மானி சரியான அளவைக் காட்டினால் சென்சாரையோ வயரிங்கையோ மாற்றினால் போதும். ஹோஸைத் தொட வேண்டியதில்லை.

உண்மையாகவே குறைவு என்றால், அது எந்த நிலையில் குறைகிறது என்பதே வழிகாட்டும். சூடான ஐடிலில் மட்டும் தாழ்ந்து, வேகம் கூட்டினால் சரியாக ஏறினால், தேய்ந்த பேரிங்கோ நீர்த்துப்போன எண்ணெயோ காரணமாக இருக்கலாம். மாறாக, வேகம் கூட்டக் கூட்டப் பிரஷர் ஏறாமல் நின்றாலோ, ஏறிய பின் சட்டென்று விழுந்தாலோ, ஃபில்டருக்குப் போகும் வழியில் தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரிந்த உள் அடுக்கு ஒரு நாக்கைப் போலத் தொங்கும். மெதுவான ஓட்டத்தில் அது ஓரமாக ஒதுங்கியிருக்கும். ஓட்டம் வலுத்தால் எழுந்து வழியை மறிக்கும். ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வாகவே அது வேலை செய்யும்.

இதை உறுதிசெய்ய ஹோஸைக் கழற்றியே ஆக வேண்டும். வடித்துவிட்டு இரண்டு திசையிலும் வாயால் அல்லது குறைந்த அழுத்தக் காற்றால் ஊதிப் பாருங்கள். ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் இறுக்கமாகவும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. இரு திசையிலும் சமமாகப் போனாலும் ஹோஸ் நல்லதென்று தீர்மானித்துவிட முடியாது, ஏனெனில் குளிர்ந்த நிலையில் அந்த நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்றியதை எப்படியும் திரும்பப் போடப் போவதில்லை என்பதால், நீளவாக்கில் அறுத்துத் திறந்து பார்த்துவிடுங்கள். உள் அடுக்கிலிருந்து துண்டுகள் பெயர்ந்திருந்தால், பழைய ஃபில்டரையும் வெட்டித் திறந்து அந்தத் துண்டுகள் அங்கே வந்து சேர்ந்தனவா என்று தேட வேண்டும். ஃபில்டருக்குப் பின் வரும் ஹோஸில் அடுக்கு பெயர்ந்திருந்தால் நிலைமை கடுமையானது. அந்தத் துண்டுகளைத் தடுக்க எஞ்சினுக்கு முன் வேறெதுவும் இல்லை.

அறிகுறி: கியர் தாமதமாகப் பிடிக்கிறது, நழுவுகிறது, அல்லது கியர்பாக்ஸ் அதிகமாகச் சூடாகிறது

ஹைட்ராலிக் கியர்பாக்ஸில் கிளட்சை அழுத்திப் பிடிப்பதும் எண்ணெய், குளிர்விப்பதும் அதே எண்ணெய். சிறிய கியர்பாக்ஸில் அது இரண்டு மூன்று லிட்டர் மட்டுமே. கூலர் ஹோஸ் ஒன்று வெடித்தால் கியர்பாக்ஸின் பம்பே அந்த எண்ணெயை விரைவில் பில்ஜுக்குள் கொட்டிவிடும். அதன் பிறகு முன்னோக்கியும் இல்லை, பின்னோக்கியும் இல்லை. துறைக்குள் நுழையும்போது இது நடப்பதை நினைத்துப் பார்த்தால், இந்த இரண்டு ஹோஸ்களுக்குச் செலவழிக்கத் தயங்க மாட்டீர்கள்.

அளவைச் சரிபார்க்கும் முறையில் கவனம் தேவை. வெல்வெட் டிரைவ் போன்ற கியர்பாக்ஸ்களில், எஞ்சினை நிறுத்திய உடனே, எண்ணெய் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். தாமதித்தால் கூலரிலும் ஹோஸ்களிலும் இருந்த எண்ணெய் கியர்பாக்ஸுக்குத் திரும்பி, குறைவாக இருப்பதையும் போதுமானதாகக் காட்டிவிடும்.

அளவு சரியாக இருந்தும் சூடு ஏறினால், கூலரின் எண்ணெய் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் வெப்பநிலையை அளந்து பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான உலோகத்தில் தவறான அளவைக் காட்டும் என்பதால், அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால், எண்ணெய் ஓடுகிறது, நீர்தான் போதவில்லை. கடல்நீர் பம்பின் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரையும் கூலரின் நீர்ப்பக்க அடைப்பையும் பாருங்கள். இம்பெல்லரிலிருந்து உடைந்த இறக்கைகள் வந்து சிக்கிக்கொள்ளும் முதல் இடங்களில் இந்தக் கூலரும் ஒன்று. நுழைவாயில் சூடாகவும் வெளிவாயில் கடல்நீரின் குளிர்ச்சிக்கு அருகிலும் இருந்து, கியர்பாக்ஸ் மட்டும் கொதித்தால், எண்ணெய் மிகக் குறைவாகவே ஓடுகிறது. அப்போது ஹோஸின் உள்ளே அடைப்பு, மடிந்த வளைவு, அல்லது கூலரின் எண்ணெய்ப் பக்கத்து அடைப்பு என்ற மூன்றில் ஒன்றுதான் காரணம்.

ஹோஸின் உள் அடுக்கு பெயர்ந்திருப்பதைக் கண்டால், ஹோஸை மட்டும் மாற்றிவிட்டுப் போக வேண்டாம். கூலரை இரு திசையிலும் கழுவ வேண்டும். பம்பின் உறிஞ்சு வழியில் வடிகட்டி வலை இருந்தால் அதையும் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

அறிகுறி: எண்ணெய் பால் போலவோ இளஞ்சிவப்புக் குழம்பு போலவோ மாறியிருக்கிறது

இது ஹோஸின் குற்றம் அல்ல. பெரும்பாலும் கூலரின் உள் குழாய் அரித்துப்போயிருக்கும். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் அதிகம் என்பதால் எண்ணெய் நீருக்குள் போய் எக்ஸாஸ்டுக்குப் பின்னால் படலமாகத் தெரியும். நிறுத்திய பிறகு நீர் எண்ணெய்க்குள் வரும். கூலரை மாற்றும்போது ஹோஸ்களையும் மாற்றிவிடுவது நல்லது. குழம்பு ஹோஸின் தாழ்ந்த வளைவுகளில் தங்கி, புதிதாக ஊற்றிய எண்ணெயையும் கெடுக்கும்.

புதிய ஹோஸைத் தேர்வதும் பொருத்துவதும்

ஒன்று கெட்டால் அதனோடு பிறந்த மற்றவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒரே சூட்டில், ஒரே உப்புக் காற்றில், அதே காலம் இருந்தவை அவை.

கழற்றுவதற்கு முன் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு ஹோஸின் இரு முனைகளிலும் அவை சேரும் துளைகளிலும் அடையாளம் கட்டுங்கள். நீளத்தைப் பழைய ஹோஸை வைத்து மட்டும் தீர்மானிக்க வேண்டாம். அழுத்தத்தில் ஹோஸின் நீளம் 2 சதவீதம் கூடவும் 4 சதவீதம் குறையவும் இடம் உண்டு, எஞ்சினும் தன் மவுண்டுகளில் ஆடும். ஹோஸின் பாதையில் ஒரு கயிற்றை ஓட்டி அளந்து, சிறிது தளர்ச்சி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. ஹோஸ் அளவை டேஷ் எண்ணால் குறிப்பிடுவார்கள். பல வகைகளில் டேஷ் 8 என்றால் அங்குலத்தின் பதினாறில் எட்டுப் பங்கு, அதாவது அரை அங்குல உள்விட்டம். ஆனால் படகு எஞ்சின்களில் அதிகம் காணப்படும், துணிப் பின்னலை வெளியுறையாகக் கொண்ட எஸ்.ஏ.இ. (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத் தரநிலை) 100ஆர்5 வகையில், டேஷ் 8-இன் உள்விட்டம் அங்குலத்தின் முப்பத்திரண்டில் பதின்மூன்று பங்கு மட்டுமே. அரை அங்குலம் வேண்டுமானால் டேஷ் 10 கேட்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து ஒரு வகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், ஓட்டத்தைக் குறுக்கிவிடுவோம். கடல் பயன்பாட்டுக்கான எஸ்.ஏ.இ. ஜே1942 தரநிலைக்கு ஏற்ற ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். திருகித் சுற்றி இறுக்கும் பட்டையான புழு கிளாம்பால் இறுக்கும் சாதாரண ரப்பர்க் குழாய்க்கு அழுத்தமுள்ள எண்ணெய் வழியில் இடமே இல்லை.

ஃபிட்டிங்கிலும் இதே எச்சரிக்கை. ஜே.ஐ.சி. 37 டிகிரி, எஸ்.ஏ.இ. 45 டிகிரி என்ற இரண்டு ஃபிளேர் (கூம்பு முனை) வகைகளுக்கும் டேஷ் 8, டேஷ் 10 போன்ற அளவுகளில் மரை ஒன்றே. கையால் அழகாக ஏறும், இறுகும்; ஆனால் இருக்கையின் கோணம் வேறாக இருப்பதால் கசியும். அதை நிறுத்த இன்னும் இறுக்கினால் ஃபிளேர் நசுங்கும். ஃபிளேர் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் தவறு. அங்கே அடைப்பது மரை அல்ல, கூம்பு. என்.பி.டி. போன்ற சரிவு மரைக்கு மட்டும் சீலன்ட் தேவை, அதையும் முதல் இரண்டு மரைகளை விட்டுவிட்டுப் பூச வேண்டும். அலுமினிய உறைக்குள் பித்தளை ஃபிட்டிங்கைத் திருகினால் உப்புக் காற்றில் அலுமினியம் அரிக்கப்படும்.

ஹோஸை வெட்டிய பின் உள்ளே ரப்பர்த் தூள் இருக்கும். அதை ஊதிக் கழுவி, பொருத்தும்வரை இரு முனைகளையும் மூடி வையுங்கள். இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர்கள் வேண்டும்: ஒன்று நட்டைச் சுற்ற, மற்றொன்று ஹோஸ் முனை சுழலாமல் பிடிக்க. ஹோஸின் மேல் ஓடும் எழுத்து வரி சுருளாக முறுக்கியிருந்தால், தளர்த்தி மீண்டும் பொருத்துங்கள்.

அறிகுறி: மாற்றிய பிறகு பிரஷர் வரவில்லை

தள்ளிப் பொருத்திய ஃபில்டரின் இரண்டு ஹோஸ்களும் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபில்டருக்குள் எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு, தலைகீழாக வரும் ஓட்டத்தை மறித்துவிடும். சில நொடிகளில் பிரஷர் தெரியாவிட்டால் எஞ்சினை ஓடவிடக் கூடாது.

இந்த ஆபத்தைத் தவிர்க்கவே, முதல் முறை எஞ்சினைத் தொடங்கும் முன் ஃபில்டரை எண்ணெயால் நிரப்பி, டீசலாக இருந்தால் ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தும், பெட்ரோலாக இருந்தால் இக்னிஷனைத் துண்டித்தும், பிரஷர் தெரியும்வரை ஸ்டார்ட்டரால் சிறு சிறு இடைவெளி விட்டுச் சுற்றுகிறோம். அப்போது கடல்நீர் வால்வைக் கண்டிப்பாக மூடியிருக்க வேண்டும். எஞ்சின் ஓடாமல் சுற்றும்போது, பம்ப் தள்ளும் நீரை வெளியேற்ற எக்ஸாஸ்ட் வாயு இருக்காது. மஃப்ளர் நிரம்பி, நீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். பிரஷர் வந்ததும் வால்வைத் திறந்து, பிறகு தொடங்குங்கள். மறக்காமல் இருக்க, ஸ்டார்ட் சாவியிலேயே ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிடுவது என் வழக்கம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அட்டைத் துண்டோடு ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள். முன்னும் பின்னும் கியர் போட்டுக் கூலர் ஹோஸ்களில் எண்ணெய் நிறையவிட்டு, நிறுத்திய பின் எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் அளவைச் சரிசெய்யுங்கள். புதிய ஹோஸ்களும் ஃபில்டரும் எடுத்துக்கொண்ட அளவு அப்போதுதான் தெரியும். முதல் பயணம் முடிந்து எஞ்சின் ஆறியதும் ஒவ்வொரு நட்டும் தளர்ந்திருக்கிறதா என்று ஸ்பேனரால் சோதித்து, அடியில் ஒரு வெள்ளை விரிப்பைப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதைப் பாருங்கள்.